மேரி ராணியின் கடைசிக் கடிதமும் ஹோலிரூட் அரண்மனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கடிதம் இது?

1587 பிப்ரவரி 8, புதன்கிழமை, அதிகாலை இரண்டு மணி. ஸ்காட்லாந்தின் ராணியாக இருந்த மேரி ஸ்டூவர்ட், இங்கிலாந்தின் ஃபாதரிங்கே கோட்டையில் கைதியாக உட்கார்ந்து, பிரான்ஸ் அரசர் மூன்றாம் ஹென்றிக்குத் தன் கைப்பட எழுதிய கடிதம். காலை எட்டு மணிக்கு மரண தண்டனை என்று முந்தைய நாள் இரவு உணவுக்குப் பிறகுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அன்று காலையே தலையை வெட்டிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 44.

சில நூல்களில் பிப்ரவரி 18 என்று போட்டிருக்கும். இரண்டும் ஒரே நாள்தான். பிரான்ஸ் அதற்குள் புதிய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து மாறவில்லை. அதனால் பத்து நாள் வித்தியாசம்.

சாகப் போகிற நேரத்தில் பிரான்ஸ் அரசருக்கு எதற்கு எழுத வேண்டும்? சொந்த மகன் இருந்தானே?

மேரி பிறந்த ஆறாம் நாளே அப்பா ஐந்தாம் ஜேம்ஸ் இறந்துபோக, தொட்டிலிலேயே ராணியானவர். ஐந்து வயதில் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டு, 18 வயது வரை அங்கேயே வளர்ந்தார். பிரெஞ்சு இளவரசர் ஃபிரான்சிஸை 1558-இல் மணந்தார். மறு ஆண்டே ஃபிரான்சிஸ் அரசராக, மேரி பிரான்சுக்கும் ராணி. 1560 டிசம்பரில் கணவர் காலமானார். மூன்றாம் ஹென்றி அந்தக் கணவரின் தம்பி, நம் முறைப்படி மேரிக்குக் கொழுந்தனார். புகுந்த வீட்டுக்குத்தான் கடைசிக் கடிதம் போயிருக்கிறது.

மகன் ஆறாம் ஜேம்ஸைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பத்து மாதம். இப்போது 20 வயது இளைஞன், ஸ்காட்லாந்தின் அரசன், இங்கிலாந்து ராணி எலிசபெத்தோடு முந்தைய ஆண்டுதான் உடன்படிக்கை செய்துகொண்டவன். கடிதத்தில் மகனைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் வருகிறது: அவனுக்குத் தகுதி இருக்கும் அளவுக்கு அவனைக் கவனித்துக்கொள்ளுங்கள், அவனுக்காக நான் பொறுப்பேற்க முடியாது. ஒரு தாய் எழுதிய வரி என்று பார்த்தால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.

கடிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

மரணக் கடிதம் என்றதும் கண்ணீரும் கவிதையும் எதிர்பார்த்துப் படிப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பெரும்பகுதி ஒரு வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் எழுதுவது போலத்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் நிலவரம். ஆட்சியை இழந்து இங்கிலாந்தில் அடைக்கலம் தேடி வந்த பிறகு கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் எலிசபெத்தின் கையில் துன்பப்பட்டதாகவும், முடிவில் அவரும் அவருடைய நாடாளுமன்றமும் மரண தண்டனை விதித்ததாகவும் சொல்கிறார். தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பக் கேட்டும் தரவில்லை, அதனால் உயில்கூட விருப்பப்படி எழுத முடியவில்லை. இறந்த பிறகு உடலைப் பிரான்ஸுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டும் பதில் இல்லை. தன் பாதிரியார் இதே கட்டடத்தில்தான் இருக்கிறார், ஆனாலும் கடைசிப் பாவமன்னிப்புக்கு அவரை விட மறுக்கிறார்கள்.

அடுத்து வாதம். தான் சாவதற்குக் காரணம் இரண்டு என்கிறார்: கத்தோலிக்க மதம், இங்கிலாந்து அரியணை மீது தனக்குள்ள உரிமை. நடந்ததை என் மருத்துவரிடமும் மற்ற வேலைக்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்றும் எழுதுகிறார். சாட்சிகளைக் குறிப்பிட்டு அனுப்பி வைக்கிற வேலை இது.

அப்புறம் சம்பளம். என்னோடு இருந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலி பாக்கி இருக்கிறது, அது என் மனசாட்சிக்குப் பாரம், என்னால் கொடுக்க முடியாது, உங்கள் நல்ல பெயரின் பொருட்டு நீங்கள் கொடுத்துவிடுங்கள். தன் ஆன்மாவுக்காகத் தொடர்ந்து பிரார்த்தனை நடக்கவும் ஏற்பாடு செய்யச் சொல்கிறார். பரிசாக இரண்டு கற்கள் அனுப்புகிறார். நோய் அண்டாமல் காக்கும் கற்கள் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள், நீங்கள் நல்ல உடல்நலத்தோடு நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும் உண்டு. கற்கள் நோயைத் தடுத்தனவோ என்னவோ, கத்தியைத் தடுக்கவில்லை: 1589 ஆகஸ்டில் ஹென்றியை ஒரு துறவி குத்திக் கொன்றார்.

தான் குற்றமற்றவர் என்று சொல்கிறாரே, உண்மையா?

வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும். நான் அவர்களுடைய குடிமகளாகவே இருந்தாலும் எந்தக் குற்றமும் செய்யாதவள் என்கிறார். வேற்று நாட்டு ராணியை விசாரிக்க இங்கிலாந்துக்கு அதிகாரமே கிடையாது என்பதுதான் அவருடைய அடிப்படை வாதம். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ‘எந்தக் குற்றமும்’ என்கிற பகுதி வேறு கதை.

1586 ஜூலையில் அந்தோனி பாபிங்டன் என்ற இளைஞர், எலிசபெத்தைக் கொன்று மேரியை விடுவிக்கும் திட்டத்தைச் சங்கேத எழுத்தில் அவருக்கு எழுதினார். மேரியை அப்போது அடைத்து வைத்திருந்த சார்ட்லி மாளிகைக்கு வரும் பீர் பீப்பாய்க்குள் ஒளித்துவைத்துத்தான் கடிதங்கள் போய் வந்தன. அந்த வழியை ஏற்பாடு செய்ததே எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கத்தின் ஆட்கள் என்பது மேரிக்குத் தெரியாது. திட்டத்துக்கு ஒப்புதல் தருவது போன்ற பதில் அவரிடமிருந்து போனது. அதை உடைத்துப் படித்த தாமஸ் ஃபெலிப்ஸ் தன் பிரதியின் மேல் ஒரு தூக்குமரம் வரைந்து அனுப்பினார். போதாததற்கு, கொலை செய்யப் போகும் ஆறு பேரின் பெயரைக் கேட்கும் ஒரு பின்குறிப்பையும் போலியாகச் சேர்த்தார்.

வலை விரித்தது அவர்கள். வலை என்று தெரியாவிட்டாலும், திட்டம் இன்னதென்று தெரிந்தே அதில் காலை வைத்தது மேரி. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கடைசிக் கடிதத்தில் பாபிங்டன் பெயரே இல்லை. மதத்துக்காக உயிர்விட்டவராகத் தன்னை உலகம் நினைக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு எழுதியது இது.

கைப்பட எழுதியது என்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அரசர்கள் பொதுவாகச் சொல்லச் சொல்ல எழுத்தர்கள்தான் எழுதுவார்கள், அரசர் கையெழுத்து மட்டும் போடுவார். ஓர் அரசர் இன்னோர் அரசருக்குத் தனிப்பட எழுதும்போது முழுவதையும் தன் கையால் எழுதுவது மரியாதை. எழுத முடியாவிட்டால் மன்னிப்புக் கேட்பார்கள். 1566 மார்ச்சில் மேரியே எலிசபெத்திடம் அப்படிக் கேட்டிருக்கிறார். அந்த இரவின் கதை கீழே அரண்மனைப் பகுதியில் வருகிறது.

மேரி விஷயத்தில் மரியாதையைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. அவர் வாழ்க்கையே ‘இது யார் கை?’ என்ற கேள்வியில் சிக்கிய வாழ்க்கை. இரண்டாவது கணவர் டார்ன்லி 1567-இல் கொல்லப்பட்ட பிறகு, மூன்றாவது கணவர் போத்வெல்லுக்கு மேரி எழுதியதாக எட்டுக் கடிதங்கள் ஒரு வெள்ளிப் பேழையில் கிடைத்தன என்று எதிரிகள் கொண்டுவந்து காட்டினார்கள். கொலையில் அவருக்கும் பங்கு என்பதற்கு அவைதான் சான்று. மூலக் கடிதங்கள் 1584-க்குப் பிறகு காணாமல் போய்விட்டன, இன்று இருப்பவை நகல்களும் மொழிபெயர்ப்புகளும்தான். போலியா, பாதி போலியா என்று இன்றும் சண்டை ஓயவில்லை.

பாபிங்டன் வழக்கிலும் அதே சிக்கல். பதிலை எழுதியது மேரியின் செயலாளர்கள். விசாரணையில், என் கையால் எழுதியதைக் காட்டுங்கள் என்று மேரி கேட்டார். நீதிமன்றத்தில் இருந்தது நகலும் செயலாளர்களின் வாக்குமூலமும் மட்டுமே.

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தின் எடை புரியும். பக்கத்தில் எழுத்தர் இல்லை, சங்கேதம் இல்லை, நடுவில் திருத்தும் கை இல்லை. இதை அவர் எழுதினாரா என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

உறை இல்லாத காலத்தில் கடிதத்தை எப்படி மூடினார்கள்?

கடிதத் தாளையே பூட்டாக்கினார்கள். தாளின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையை, ஒரு முனை ஒட்டியிருக்கும்படி வெட்டிவிடுவார்கள். தாளைச் சிறிதாக மடித்து, மடிப்பு முழுவதையும் துளைத்து ஒரு கீறல் போட்டு, அந்தப் பட்டையை அதன் வழியாகத் திரும்பத் திரும்ப நுழைத்து இழுப்பார்கள். பட்டை சுருளாகச் சுற்றித் தைத்தது போல் இறுகிவிடும். கிழிக்காமல் பிரிக்க முடியாது. யாராவது நடுவழியில் படித்திருந்தால் பெறுபவருக்குத் தெரிந்துவிடும்.

மேரியின் கடைசிக் கடிதம் இந்தச் சுருள்பூட்டு முறையில் மூடப்பட்டது என்று கடிதப் பூட்டுகளை ஆராயும் குழு ஒன்று 2021-இல் விளக்கமாக வெளியிட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட வேலை அது. எலிசபெத்தும் இதே முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்.

கடிதம் ஹென்றிக்குப் போய்ச் சேர்ந்ததா? எடின்பரோவுக்கு எப்படி வந்தது?

உடனே போகவில்லை. மேரியின் வேலைக்காரர்களைப் பல மாதங்கள் ஃபாதரிங்கேயிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். செய்தி அவர்கள் வாய்வழியாகப் பரவக் கூடாது என்பதுதான் காரணம். விடுதலையான பிறகே கடிதம் பிரான்ஸுக்குப் போனது. பிற்காலத்தில் பாரிஸில் இருந்த ஸ்காட்டியக் கல்லூரியின் ஆவணங்களில் இருந்தது, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் தனியார் கைகளுக்குப் போனது. 1918-இல் சிலர் பணம் சேர்த்து வாங்கி ஸ்காட்லாந்து மக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இப்போது எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது.

இதற்கும் ஹோலிரூட் அரண்மனைக்கும் என்ன தொடர்பு? கடிதம் அங்கே எழுதப்படவில்லையே?

எழுதப்படவில்லைதான். ஆனால் மேரி ராணியாக வாழ்ந்த வீடு அது. 1561 ஆகஸ்டில் பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து 1567-இல் ஆட்சியை இழக்கும் வரை முக்கியமான எல்லாமே அங்கேதான் நடந்தன. டார்ன்லியை மணந்தது அங்கே, போத்வெல்லை மணந்தது அங்கே. சீர்திருத்தப் போதகர் ஜான் நாக்ஸ் நேருக்கு நேர் நின்று அவரோடு வாதாடியதும் அங்கே. கடிதம் இருக்கும் நூலகத்திலிருந்து அரண்மனை நடந்து போகும் தூரம்.

அரண்மனையை யார், எப்போது கட்டினார்கள்?

முதலில் வந்தது மடம். 1128-இல் முதலாம் டேவிட் அரசர் நிறுவிய அகஸ்டினியன் மடம் அது. வேட்டைக்குப் போன இடத்தில் கொம்புகளுக்கிடையே சிலுவை தெரியும் கலைமானைக் கண்டார் என்று தலபுராணமும் உண்டு. மலைமேல் இருக்கும் எடின்பரோ கோட்டை காற்றும் குளிருமாக இருக்கும், அதனால் அரசர்கள் கீழே மடத்தின் விருந்தினர் இல்லத்தில் தங்குவதை விரும்பினார்கள். இரண்டாம் ஜேம்ஸ் அங்கேயே பிறந்து, முடிசூடி, மணம் முடித்து, அங்கேயே புதைக்கப்பட்டார்.

1500-களின் தொடக்கத்தில் நான்காம் ஜேம்ஸ் அதை அரண்மனையாக்கினார். இங்கிலாந்து இளவரசி மார்கரெட் டியூடரை 1503-இல் அங்கே மணந்தார். இந்த மார்கரெட் எலிசபெத்துக்கு அத்தை, மேரிக்குப் பாட்டி. மேரி பாட்டி வழியாகத்தான் இங்கிலாந்து அரியணைக்கு உரிமை கோரினார், அதுவேதான் அவர் உயிருக்கு உலையாகவும் ஆனது. மேரியின் அப்பா ஐந்தாம் ஜேம்ஸ் 1528-க்கும் 1532-க்கும் இடையில் வடமேற்குக் கோபுரத்தைக் கட்டினார். இன்று இருப்பதில் மிகப் பழைய பகுதி அதுதான். மேரியின் அறைகள் அதன் இரண்டாம் மாடியில்.

முன்வாசலில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோபுரங்கள் தெரியும். வலது பக்கத்துக் கோபுரம் நூற்றைம்பது ஆண்டு இளையது. இரண்டாம் சார்லஸ் 1671 முதல் 1678 வரை, சர் வில்லியம் புரூஸின் வடிவமைப்பில் அரண்மனையைப் புதிதாகக் கட்டியபோது, பழைய கோபுரத்துக்கு ஜோடியாக எழுப்பியது. அவ்வளவு செலவு செய்து கட்டியவர் அதை வந்து பார்க்கவே இல்லை.

அந்தக் கொலை அரண்மனைக்குள்ளேயே நடந்ததா?

ஆமாம். 1566 மார்ச் 9, சனிக்கிழமை இரவு. மேரி ஆறு மாதக் கர்ப்பிணி. படுக்கையறையை ஒட்டிய மிகச் சிறிய அறையில், நெருங்கிய சிலரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் டேவிட் ரிசியோ. இத்தாலியர், பாடகராக வந்து மேரியின் செயலாளராக உயர்ந்தவர். கீழ்மாடியில் இருந்த டார்ன்லி தனிப் படிக்கட்டு வழியாக மேலே வந்தார், பின்னாலேயே கவசம் அணிந்த ருத்வென் பிரபுவும் ஆட்களும். ரிசியோ மேரியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச, இழுத்துக்கொண்டு போய் வெளி அறையில் குத்திக் கொன்றார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். டார்ன்லியின் கத்தியை உடலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், கணவனுக்கும் பங்கு உண்டு என்பது ஊருக்குத் தெரியட்டும் என்று.

அடுத்த இரண்டு நாளில் மேரி செய்த காரியம்தான் எனக்கு ஆச்சரியம். கொலைக்கு உடந்தையான அதே கணவரைப் பேசித் தன் பக்கம் இழுத்து, இருவருமாக நள்ளிரவில் தப்பிக் குதிரையேறி டன்பார் கோட்டைக்குப் போனார்கள். அங்கிருந்து மார்ச் 15 அன்று எலிசபெத்துக்கு எழுதிய கடிதத்தில்தான் அந்த மன்னிப்பு வருகிறது: என் கையாலேயே எழுத நினைத்தேன், ஆனால் இரவில் ஐந்து மணி நேரத்தில் இருபது மைல் குதிரையில் வந்த களைப்பும், பிள்ளைத்தாய்ச்சி உடம்பின் நோவும் சேர்ந்து முடியவில்லை.

தரையில் இன்னும் இரத்தக் கறை இருக்கிறதாமே?

வெளி அறையில் ஓர் இடத்தைக் காட்டுவார்கள். 450 ஆண்டுகளுக்கு முந்தைய இரத்தம் தரையில் சிவப்பாகத் தெரியும் என்று நம்புவது அவரவர் விருப்பம். 1707-இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்த பிறகு 1822 வரை ஆளும் அரசர்கள் அந்தப் பக்கம் வரவே இல்லை. அந்தக் காலத்தில் அரண்மனைப் பொறுப்பாளரான ஹாமில்டன் பிரபுவின் வீட்டுப் பணிப்பெண் காசு வாங்கிக்கொண்டு மேரியின் அறைகளைச் சுற்றிக் காட்டுவார். கறை பார்வையாளர்களுக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அறைகளில் இருந்த கட்டில், திரைச்சீலை பலவும் மேரி காலத்துக்குப் பிந்தையவை.

மேரிக்குப் பிறகு அரண்மனையில் குறிப்பிட்டுச் சொல்லும்படி என்ன நடந்தது?

1745-இல் அரியணைக்கு உரிமை கோரிய இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் ஆறு வாரம் போல அங்கே தர்பார் நடத்தினார். பிறகு 1822-இல் நான்காம் ஜார்ஜ் வந்தார். விக்டோரியா ராணி காலத்திலிருந்து மறுபடி அரச குடும்பம் தங்கத் தொடங்கியது. இவை எல்லாக் கையேட்டிலும் இருக்கும்.

எனக்குப் பிடித்தது கடனாளிகள் கதை. பழைய மடத்துக்கு அடைக்கல உரிமை உண்டு. அதன் எல்லைக்குள், பக்கத்து மலைப் பூங்காவையும் சேர்த்து, நுழைந்துவிட்டால் கடனுக்காக யாரும் கைது செய்ய முடியாது. அதனால் கடனில் மூழ்கிய கனவான்கள் அரண்மனையைச் சுற்றி அறை எடுத்துக் குடியேறினார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை ‘மடத்து ஜமீன்தார்கள்’ என்று கேலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கைது கிடையாது என்பதால் அன்று மட்டும் ஊருக்குள் போய்வருவார்கள். 1796-இல் அந்தக் கூட்டத்தில் பிரெஞ்சு அரசரின் தம்பியே வந்து சேர்ந்தார், கடன்காரர்களுக்குப் பயந்து. பின்னாளில் பத்தாம் சார்லஸ் என்று பிரான்ஸை ஆண்டு, 1830-இல் அரியணை இழந்து மறுபடியும் அதே ஹோலிரூட்டுக்கு வந்தார். கடனுக்குச் சிறை என்பது 1880-இல் பெரும்பாலும் ஒழிந்ததும் அந்தக் குடியிருப்புக்கு வேலை இல்லாமல் போனது.

பெரிய மண்டபத்தில் உள்ள அரசர் படங்கள் நிஜ முகங்களா?

பெரும்பாலும் கற்பனை. 1684-இல் யாக்கோப் டி வெட் என்ற டச்சு ஓவியரிடம் இரண்டு ஆண்டுக்குள் 110 அரசர் படங்கள் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். பட்டியல் கி.மு. 330-இல் ஆண்டதாகச் சொல்லப்படும் ஃபெர்கஸில் தொடங்குகிறது, முன்பகுதி அரசர்கள் பலர் இருந்ததற்கே சான்றில்லை. எல்லோருக்கும் மூக்கு ஒரே சாடையில் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

கடிதம் எழுதப்பட்ட ஃபாதரிங்கே கோட்டை?

இல்லை. 1630-களில் இடித்துவிட்டார்கள். புல் மூடிய மேடும் ஆற்றோரம் ஒரு கற்குவியலும் மிச்சம். மேரியின் உடல் பிரான்ஸுக்குப் போகவே இல்லை. முதலில் பீட்டர்பரோவில் புதைத்தார்கள். எலிசபெத்துக்குப் பின் இங்கிலாந்துக்கும் அரசனான மகன் ஜேம்ஸ், 1612-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு மாற்றினார்.

கடிதத்தையும் அரண்மனையையும் இன்று பார்க்க முடியுமா?

அரண்மனை இன்றும் பிரிட்டிஷ் அரசரின் அதிகாரபூர்வ ஸ்காட்லாந்து இல்லம். அரசர் அங்கே இல்லாத நாட்களில் கட்டணம் கட்டி உள்ளே போகலாம். ஜூன் இறுதி, ஜூலை தொடக்கம் அவர் வந்து தங்கும் காலம், அப்போது மூடியிருக்கும். மூல மடம் கூரையில்லாமல் பக்கத்திலேயே நிற்கிறது, 1768-இல் கூரை விழுந்தது.

கடிதம் மிக நைந்தது என்பதால் அரிதாகவே காட்சிக்கு வரும். அதை நம்பிப் பயணத் திட்டம் போட வேண்டாம். நூலகத்தின் இணையதளத்தில் படங்களும் மொழிபெயர்ப்பும் இருக்கின்றன.

மேரியின் கடிதங்கள் இன்னும் புதிதாகக் கிடைக்க வாய்ப்பு உண்டா?

இருக்கிறது. பாரிஸ் தேசிய நூலகத்தில் இத்தாலிய ஆவணம் என்று தவறாகப் பட்டியலிட்டிருந்த கட்டு ஒன்றில் சங்கேதக் கடிதங்கள் இருந்தன. ஜார்ஜ் லாஸ்ரி, நோர்பர்ட் பியர்மன், சதோஷி தோமோகியோ என்ற மூவர் கணினி உதவியோடு அவற்றை உடைத்து 2023-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 57 கடிதங்கள், சுமார் 50,000 சொற்கள். 1578-க்கும் 1584-க்கும் இடையில் மேரி எழுதியவை, பெரும்பாலும் லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் காஸ்டெல்னோவுக்கு. சிறையின் வசதிக் குறைவு, உடல்நலம், மகனைப் பற்றிய கவலை, வால்சிங்கத்தின் மேல் உள்ள அவநம்பிக்கை எல்லாம் அவற்றில் வருகின்றன. ஆய்வாளர்கள் குறிப்பிடும் வேறு சில சங்கேதக் கடிதங்கள் இன்னும் கண்ணில் படவில்லை, தேடல் தொடர்கிறது.